செல்ஃப் அடிக்காதீங்க சாமி!

தண்ணிக்குள்ள நின்னுபோன வண்டியச் சுத்திப் பத்துப் பேர் கூடுனா, பத்துப் பேரும் ஒரே வைத்தியந்தான் சொல்லுவாங்க.

"ஒரே ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பாருங்கண்ணே."

இந்த ஒரு வரியால செத்துப்போன எஞ்சினை எல்லாம் வரிசையா நிறுத்துனா, காரைக்குடியில ஆரம்பிச்சு தேவகோட்டை ரஸ்தா வரைக்கும் நிக்கும். அந்த எரிச்சல்லதான் இந்தப் பதிவு. (பெருசாப் போகும். காபியப் போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.)

எங்க மாப்ளகிட்ட ஒரு பழைய டீசல் வேன் இருக்கு. மாப்ளன்னா தாய்மாமன் மகன், என்னைவிடச் சின்னவன். வேன் போர் வீல் டிரைவ். கம்பெனி பேரு வேண்டாம், அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஆர்.சி. புத்தகத்துல அதுக்கு என்ன பேரு போட்டிருந்தாலும் சரி, எங்க பக்கம் எட்டுப் பேர் ஏறுனா அது வேன். உசரமான டயர், முன்னாடி கனமான இரும்பு பம்பர், கூரை மேல கேரியர், அப்புறம் எஞ்சினுக்குக் காத்து எடுக்க கண்ணாடி ஓரமா வானத்தைப் பாத்து நிக்கிற ஒரு குழாய், ஸ்னார்க்கல்.

அந்த ஸ்னார்க்கலைப் பத்தி அப்புறம் பேசுவோம். பேச வேண்டியது நிறைய இருக்கு.

எங்க மாவட்டம் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. சிவகங்கைன்னா வறண்ட சீமைன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. ஆனா கண்மாய் மட்டும் ஆயிரக்கணக்குல இருக்கு. ஒண்ணு நிறைஞ்சா கலுங்கு வழியா மறுகால் பாஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைஞ்சா அதுக்கடுத்தது. மணிமுத்தாறு, தேனாறு, பாம்பாறுன்னு பேருல மட்டும் ஆறு வச்சிருக்கிற எல்லாமே வருஷத்துல முக்காவாசி நாளு வெறும் மணலும் கருவேலமுமாத்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில நல்ல மழை பிடிச்சா மட்டும் திடீர்னு ஞாபகம் வந்து ஓடும். அப்ப நம்ம உள்ரோட்டுத் தரைப்பாலம் எல்லாம் தண்ணிக்கு அடியில போயிரும்.

செட்டிநாட்டு வீடுகளப் பாத்திருப்பீங்க. தெருவுல இருந்து படியேறித்தான் திண்ணை. வளவுல (நடு முற்றத்துல) விழுற மழைத்தண்ணிய வழி பண்ணி வெளிய விட்டு ஊரணிக்குக் கொண்டு போற ஏற்பாடு. காவிரிப்பூம்பட்டினத்துல கடல் பொங்கி வந்ததுல பயந்து இங்க வந்த நகரத்தார், அந்தப் பயத்துலதான் வீட்டை இவ்வளவு உசரத்துல கட்டுனாங்கன்னு ஒரு கதை சொல்லுவாங்க. கதை நிசமோ என்னமோ, வீட்டைக் கட்டுனவங்களுக்குத் தண்ணி மேல ஒரு மரியாதை இருந்திருக்கு.

எங்க மாப்ளைக்கு அது இல்ல.

"ஸ்னார்க்கல் இருக்கு மச்சான், பாத்துக்கலாம்"னான்.

கார்த்திகை மாசம், தேவகோட்டைப் பக்கம் ஒரு உள்ரோடு. கண்மாய் மறுகால் தரைப்பாலத்து மேல போயிக்கிட்டிருக்கு. இழுப்பு அதிகம் இல்ல, ஆனா அகலமா, செம்மண் கலர்ல, அடியில என்ன இருக்குன்னே தெரியாத தண்ணி. நான் பின்னாடி பைக்ல வந்தவன் கரையிலேயே நின்னுட்டேன். வேன் பாதி தூரம் ஜோராப் போச்சு. அப்புறம் ரோட்டோட ஓரம் எங்கன்னு தெரியாம இடது பக்கச் சக்கரம் பள்ளத்துல இறங்குச்சு. மூக்கு சாஞ்சுச்சு. ஹெட்லைட் முங்குச்சு. ரெண்டு குலுக்கு குலுக்கி எஞ்சின் நின்னுச்சு.

மாப்ள ஜன்னல் வழியா ஏறி இறங்கி இடுப்பளவு தண்ணியில நடந்து வந்துட்டான். ஆளுக்கு ஒண்ணும் ஆகல. (வந்ததும் மொத வார்த்தை: "வீடியோ எடுத்தியா மச்சான்?")

நான் பண்ணுன ஒரே உருப்படியான காரியம், காரைக்குடியில எங்க மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டது. அவரு கேட்ட மொத கேள்வி, "செல்ஃப் அடிச்சீங்களா?"

இல்லண்ணே.

"அப்ப சாவிய வாங்கி மடியில முடி. எவன் கேட்டாலும் குடுக்காத. சாமியே வந்து கேட்டாலும் குடுக்காத."

முடிஞ்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் கரையில நடந்த கூத்து இருக்கே! டீக்கடைக்காரரு, ஆடு மேய்க்கிற பெரியவரு, பால்காரத் தம்பி, பஸ் வராம நின்ன வாத்தியாரு, எல்லாரும் சேந்து "ஒரு செல்ஃப்"னு கேக்குறாங்க. எனக்கு என்னமோ கஞ்சன் பட்டம். இழுக்க வந்த டிராக்டர்காரரு ஒரு படி மேல போயி, "கியர்ல போட்டு உக்காரச் சொல்லுங்கப்பு, நான் இழுக்குற இழுப்புல தானாப் புடிச்சுக்கும்"னாரு.

அய்யா, அது செல்ஃபைவிட மோசம்! ஏன்னு சொல்றேன்.

சின்னக் கணக்கு. (கணக்கு ஆகாதவங்க அடுத்த பத்திக்குத் தாவிக்கலாம்.) ரெண்டரை லிட்டர் எஞ்சின், நாலு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு 625 மில்லி. பழைய டீசல் எஞ்சின்ல கம்ப்ரஷன் 20-க்கு 1 அப்படின்னு வச்சுக்குங்க. பிஸ்டன் முழுசா மேல ஏறுன பிறகு அங்க மிச்சம் இருக்கிற இடம் சுமார் 33 மில்லி. இருமல் மருந்து மூடியில மூணு மூடி, அவ்வளவுதான். காத்து நசுங்கும், தண்ணி நசுங்காது. அந்த மூணு மூடிக்கு மேல தண்ணி உள்ள இருந்தா பிஸ்டனுக்கு மேல போக வழி இல்ல. கீழ இருந்து ஃப்ளைவீல் தள்ளுது, மேல தண்ணி விடமாட்டேங்குது. நடுவுல மாட்டிக்கிட்ட கனெக்டிங் ராடு வளையும். சில சமயம் ஒடிஞ்சு பிளாக்கையே ஓட்டை போட்டுட்டு வெளிய வரும்.

செல்ஃப் மோட்டாருக்காவது பலம் ஒரு அளவுக்குத்தான். அதிர்ஷ்டம் இருந்தா 'டக்'னு சிக்கி நின்னுரும். டிராக்டர் இழுத்தா? அம்புட்டு டன் எடையும் இழுப்பும் கியர்பாக்ஸ் வழியா அந்த ராடு மேலதான் இறங்கும். ராடு தப்பிக்கிறது கஷ்டம்.

2015 டிசம்பர்ல சென்னை வெள்ளம் வடிஞ்ச பிறகு இந்தப் பாடம் நிறையப் பேருக்குக் கிடைச்சுது. காசு குடுத்துத்தான் கிடைச்சுது. தண்ணியில நின்ன காரை, தண்ணி இறங்குனதும் ஆசையா சாவியத் திருப்புனவங்க கதைய நீங்களும் கேட்டிருப்பீங்க.

சரி, இழுத்த கதைக்கு வருவோம்.

மொதல்ல கட்டுனது நைலான் கயிறு. அறுந்துச்சு. அப்புறம் சங்கிலி. சங்கிலிய பம்பர்ல மாட்டப் போனாங்க, "சேசிஸ்ல இருக்கிற ஹூக்குல மாட்டுங்க"ன்னு கத்துனேன். பம்பர் எவ்வளவு கனமா இருந்தாலும் அது நாலு போல்ட்டை நம்பி நிக்கிற பொருள். வந்த வழியாவே பின்பக்கமா இழுக்குறதுதான் நல்லது, ஏன்னா அந்த வழியில தரை எப்படி இருக்குன்னு ஏற்கெனவே தெரியும். முன்னாடி இழுத்தா இன்னொரு பள்ளம் காத்திருக்கலாம்.

சங்கிலிக்கு நடுவுல ஈரச்சாக்கு ரெண்டைப் போட்டோம். அறுந்தா துள்ளாம கீழ விழுறதுக்கு. இது விளையாட்டு இல்லங்க, இழுவிசையில அறுந்த சங்கிலியும் கயிறும் ஆளைக் கொன்னுரும். ஆனா நம்ம ஆளுங்க அதைத் தாண்டித் தாண்டித்தான் நடப்பாங்க, அதுவும் இடுப்புல ஒரு குழந்தையோட! விரட்டி விட்டேன். அதுக்கும் திட்டு வாங்குனேன்.

வண்டி நியூட்ரல், போர் வீல் லீவரும் விடுவிச்சாச்சு. எஞ்சின் ஓடாதப்ப பிரேக்குக்கு உதவி பண்ற வேக்குவம் கிடையாது, பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. அதனால உள்ள உக்காந்திருந்தவன் ரெண்டு காலையும் பிரேக்குல வச்சுக்கிட்டு வந்தான். டிராக்டர் கேஜ் வீல் போட்ட வண்டி, வயல்ல இருந்து நேரா வந்திருந்துச்சு. செம்மண் ஈரமானா சோப்புத் தடவுன மாதிரி வழுக்கும், சாதா டயரா இருந்திருந்தா அதையும் சேத்து இழுக்க இன்னொண்ணு வேணும்.

கரைக்கு வந்ததும் கதவைத் திறந்தோம். தண்ணி கொட்டுச்சு. ரெண்டு கெளுத்தியும் சேந்து விழுந்துச்சு. (டிராக்டர்காரரு கூலியக் குறைக்கல, மீனையும் எடுத்துக்கிட்டாரு.)

அடுத்து மொத வேலை பேட்டரி. நெகட்டிவ் வயரைக் கழட்டுனோம். இதுல எனக்கு எங்க ஊரு ஞாபகம் வந்து சிரிப்பு வந்துச்சு. காரைக்குடியில மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, நம்ம 'சிக்ரி'. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து, 1948-ல நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் சமயத்துல ராதாகிருஷ்ணன் திறந்து வச்ச இடம். உலோகம் ஏன் துருப்பிடிக்குது, எப்படித் தடுக்குறதுன்னு ஆராய்ச்சி பண்ற நிலையத்தைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு, நம்ம வண்டி வயரெல்லாம் பச்சை பூத்து நிக்குது!

விஷயம் அதே மின்வேதியியல்தான். வெறும் தண்ணி பட்ட கனெக்டர் மெதுவாத்தான் கெடும். தண்ணிக்குள்ள இருக்கும்போது 12 வோல்ட்டும் சேந்து ஓடுச்சுன்னா, செம்பு கரைஞ்சு பச்சைப் பொடியாயிரும், அதுவும் வேகமா. அதனால தண்ணியில மாட்டுன வண்டியில பேட்டரிய எவ்வளவு சீக்கிரம் கழட்டுறீங்களோ அவ்வளவு வயர் பிழைக்கும். (தொண்டிப் பக்கம் கடல்தண்ணியில வண்டிய இறக்குறவங்களுக்கு இன்னும் அவசரம். உப்புத்தண்ணின்னா வந்த உடனே நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க. அப்புறம் பாத்துக்கலாம்னா பாக்குறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது.)

வண்டியைக் கட்டி இழுத்து காரைக்குடிக்கு, அண்ணனோட மரத்தடிப் பட்டறைக்குக் கொண்டு வந்தாச்சு. இப்ப ஸ்னார்க்கலுக்கு வருவோம்.

மெக்கானிக் அண்ணன் ஏர் பில்டர் மூடியத் திறந்தாரு. பில்டர் பேப்பர் தொப்பலா நனைஞ்சிருக்கு. அப்பன்னா எஞ்சின் தண்ணி குடிச்சிருக்கு. வாய் கூரை உசரத்துல இருக்கு, தண்ணி ஹெட்லைட் அளவுலதான் இருந்துச்சு, அப்புறம் எப்படி?

அண்ணன் ஸ்னார்க்கலை ஆட்டிப் பாத்தாரு. ஆடுச்சு. உத்துப் பாத்தாரு. சிமெண்டு கடையில விக்கிற பிவிசி பைப்பு! கறுப்பு பெயிண்ட் அடிச்சு, எல்போ போட்டு, பசை வச்சு ஒட்டி, பேரு ஸ்னார்க்கல். மேல வாய் சரியாத்தான் இருக்கு. கீழ பானட் பக்கத்துல இருக்கிற ஜாயிண்ட்ல விரல் நுழையுற இடைவெளி. தண்ணி அந்த வழியா ஜம்முன்னு உள்ள போயிருக்கு.

"மாப்ள, இது ஸ்னார்க்கல் இல்ல, ஸ்ட்ரா"ன்னாரு அண்ணன்.

ஸ்னார்க்கல்ங்கிறது வண்டிக்கு நீச்சல் கத்துக் குடுக்குற சாமான் இல்ல. மேல இருக்கிற காத்தைக் கீழ கொண்டு வரும், அதுவும் வழி முழுக்க ஓட்டை இல்லாம இருந்தாத்தான். மத்தபடி கிளட்ச், டைனமோ, ஆக்சில், வயரிங் எல்லாம் அதே தண்ணியிலதான் முங்கும். கம்பெனியே ஸ்னார்க்கல் போட்டுக் குடுக்குற குர்கா ஜீப்புக்கு 700 மில்லிமீட்டர்தான் எல்லைன்னு சொல்றாங்க. ரெண்டேகால் அடிக்குக் கொஞ்சம் மேல. 2020-ல வந்த தார் ஜீப்புக்கு 650. அதுக்கு மேல இறக்குனா அவங்க பொறுப்பு இல்ல. எங்க மாப்ள இறக்குன பள்ளம் அதைத் தாண்டுன ஆழம்.

இனி எஞ்சின். ஹீட்டர் பிளக் நாலையும் கழட்டுனாரு. (ஹீட்டர் பிளக் இல்லாத எஞ்சின்னா நாசிலைக் கழட்டணும்.) இப்ப சிலிண்டருக்குள்ள இருக்கிற தண்ணிக்கு வெளிய வர ஒரு வழி கிடைச்சாச்சு. அப்பவும் செல்ஃப் கிடையாது! கிராங்க் புல்லியில பெரிய ஸ்பேனரைப் போட்டு, கையால மெதுவாச் சுத்துனாரு. எங்கயாவது இடிச்சா நிறுத்திரணும். இடிக்கல. முழுசா ரெண்டு சுத்து வந்துச்சு. மூணாவது சிலிண்டர் ஓட்டையில இருந்து செந்தண்ணி கொப்புளிச்சுச்சு பாருங்க, மாப்ள மூஞ்சியிலேயே! எனக்கு அன்னிக்குக் கிடைச்ச ஒரே சந்தோஷம் அதுதான்.

அதுக்கப்புறந்தான் மடியில இருந்த சாவிய அவிழ்த்தேன். பிளக் இல்லாம செல்ஃப் அடிச்சா மிச்சத் தண்ணியும் பீச்சிக்கிட்டு வெளிய வந்துரும். ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சுத்துனாரு, லைனர் துருப்பிடிக்காம இருக்க.

இன்னும் பிளக்கை மாட்டல. ஆயில் பாக்கணும். டிப்ஸ்டிக்கை எடுத்தா ஆயில் பால்காபி நிறத்துல இருக்கு. கீழ டிரெயின் பிளக்கை லேசா லூஸ் பண்ணுனதும் மொதல்ல சுத்தமாத் தண்ணி வந்துச்சு, அப்புறம்தான் ஆயில். தண்ணி கனம், அடியில போய் உக்காந்துக்கும். முழுசா வடிச்சு, பில்டர் மாத்தி, விலை கம்மியான ஆயில் ஊத்தி செல்ஃப்ல சுத்தவிட்டு, அதையும் வடிச்சு, திரும்ப ஊத்தி, நிறம் தெளியுற வரைக்கும் இதே வேலை. நல்ல ஆயில் கடைசியிலதான். டீசல் பில்டர் அடியிலயும் தண்ணி, அதையும் வடிச்சு மாத்தியாச்சு.

நாலு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் கேஜ் வச்சுப் பாத்தாரு. ஏறத்தாழ ஒரே அளவு. ஒண்ணுல மட்டும் குறைஞ்சிருந்தா ராடு வளைஞ்சு பிஸ்டன் மேல வரைக்கும் எட்டலைன்னு சந்தேகப்படணும். வளைஞ்ச ராடோடயும் வண்டி ஓடும், கொஞ்ச நாளு. அப்புறம் நடுரோட்டுல வேலையக் காட்டும்.

ஸ்டார்ட் ஆச்சு. வெள்ளைப் புகை தெருவையே மூடுச்சு. மாப்ள விசில் அடிச்சான். ஸ்டேட்டஸ் போட்டான். கதை முடிஞ்சுதுன்னு கிளம்பப் போனான்.

இங்கதான் நம்ம ஆளுங்க எல்லாரும் ஏமாறுறாங்க!

எஞ்சின் செத்தா சத்தம் போட்டுச் சாகும், எல்லாருக்கும் தெரியும். ஆக்சில் அப்படி இல்ல, வாயைத் தொறக்காமச் சாகும். தண்ணியில நிக்காம ஜோராத் தாண்டி வந்த வண்டிக்கும் இதேதான். ஓடி வந்த வண்டியில டிஃபரன்ஷியல் ஹவுசிங் நல்ல சூடா இருக்கும். அது பச்சைத் தண்ணியில முங்குன உடனே உள்ள இருக்கிற காத்து சட்டுனு குளிர்ந்து சுருங்கும். சுருங்குனா உறிஞ்சும். ஹவுசிங் மேல பட்டன் அளவுல ஒரு பிரீதர் இருக்கும், அது வழியாவும் பழைய ஆயில் சீல் வழியாவும் தண்ணிய உள்ள இழுத்துக்கும். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாத்துக்கும் இதே கதை.

அண்ணன் பின் ஆக்சில் பிளக்கைத் திறந்தாரு. கறுப்பா வர வேண்டிய 90 கியர் ஆயில், சாம்பல் நிறத்துல நுரையோட வந்துச்சு. மாப்ள முகம் அப்பத்தான் மாறுச்சு. முன் ஆக்சில் அதைவிட மோசம். இதை அப்படியே விட்டிருந்தா? வண்டி ஓடியிருக்கும். பொங்கல் வரைக்கும் நல்லா ஓடியிருக்கும். அப்புறம் பேரிங்குல 'ஙொய்'னு ஒரு சத்தம், அப்புறம் கிரவுன் பினியன் செலவு. அப்ப எவனுக்கும் கார்த்திகை மாசத் தண்ணி ஞாபகம் இருக்காது. "பழைய வண்டி, அப்படித்தான்"னு சொல்லிட்டுப் போயிருவாங்க.

அதனால எல்லா ஆயிலும் மாத்தியாச்சு. வீல் பேரிங் நாலையும் கழட்டி, பழைய கிரீஸைத் துடைச்சு, புதுசு அடைச்சு, சீல் மாத்தியாச்சு. ஜாயிண்ட் கிராஸ் எல்லாத்துலயும் கிரீஸ் கன் போட்டு, பழசு பிதுங்கி வெளிய வர்ற வரைக்கும் அடிச்சாரு. பிரேக் டிரம்மைத் திறந்தா உள்ள தோட்டமே போடலாம், அவ்வளவு சேறு. ரேடியேட்டர்ல பாசியும் கருவேல இலையும். டயர்ல கருவேல முள்ளு, அது தனிக்கணக்கு. டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் பிரிச்சுக் காயவச்சு மாட்டுனாரு.

இன்னொண்ணு, ரொம்பப் பேருக்குத் தெரியாது. தண்ணி குடிச்ச வண்டியக் கொஞ்ச நாளு சும்மா நிறுத்தி வச்சா, கிளட்ச் பிளேட் துருப்பிடிச்சு ஃப்ளைவீலோட ஒட்டிக்கும். ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்துனா பிரேக் ஷூவும் டிரம்மோட ஒட்டிக்கும். ஹேண்ட்பிரேக் போடாம சக்கரத்துக்குக் கல்லு வச்சு நிறுத்துங்க.

உள்பக்கம்? அய்யோ. சீட்டு, தரை விரிப்பு, கூரைத் துணி எல்லாம் நாத்தம். அத்தை வீட்டு வளவுல கொண்டுபோய் காயப்போட்டோம். சேறு வடிஞ்சு ஆத்தங்குடிக் கல்லு மேல சிவப்பா ஓடுச்சு. அத்தை போட்ட சத்தத்துல தெருவே வந்துருச்சு. "நூறு வருஷமாத் துடைச்ச தரைடா! எடுங்கடா இதை!" எடுத்துட்டுப் போயி மாடியில போட்டோம், அங்க மழை பெஞ்சுச்சு.

டேபிள் ஃபேன் வச்சுப் பாத்தோம். ஹேர் டிரையர் (மாப்ள தங்கச்சியோடது, திருடுனது) வச்சுப் பாத்தோம். கற்பூரம் வச்சதுல நாத்தமும் போகல, கோயில் வாசனையும் வரல, ரெண்டுக்கும் நடுவுல புதுசா ஒண்ணு வந்துச்சு. கடைசில சீட்டுக்குள்ள இருந்த ஸ்பாஞ்சை எடுத்துப் போட்டுட்டு புதுசு தைச்சதுதான் தீர்வு. ஸ்பாஞ்சு காஞ்ச மாதிரி இருக்கும், ஒரு ஆள் உக்காந்தா உண்மையச் சொல்லிரும்.

செலவு? ஆயில், பில்டர், கிரீஸ், சீல், கூலி, சீட்டு எல்லாம் சேந்து மாப்ளையோட ஒரு மாசத்து வாடகை வருமானத்தை முழுங்கிருச்சு. அந்த ஒரு செல்ஃபை அடிச்சிருந்தா எஞ்சினை இறக்கி ஏத்த வேண்டி வந்திருக்கும். வண்டி வெலைக்குப் பக்கத்துல போயிருக்கும்.

இன்சூரன்ஸ் கேக்குறீங்களா? மாப்ளகிட்ட இருந்தது வெறும் தேர்ட் பார்ட்டி. அதுல நம்ம வண்டிக்கு ஒரு பைசா கிடையாது. முழு பாலிசி இருந்தா வெள்ளச் சேதத்துக்குக் கிடைக்கும். ஆனா தண்ணி புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி உடைச்சா, "அது வெள்ளம் பண்ணல, நீங்க பண்ணுனது"ன்னு கழட்டி விட்டுருவாங்க. 'எஞ்சின் புரொடெக்ட்'னு ஒரு கூடுதல் பாலிசி இருக்கு, அது இருந்தாத்தான் உள்ள தண்ணி போன எஞ்சினுக்குப் பேசவே முடியும். தண்ணியில நிக்கும்போதே போட்டோ எடுங்க, உடனே தகவல் சொல்லுங்க, அவங்க சொல்ற வரைக்கும் திறக்காதீங்க. புது சிஆர்டிஐ வண்டிக்காரங்க இதுல இன்னும் உஷாரா இருக்கணும். எங்க வேன்ல இசியூ, சென்சார் ஒரு கருமமும் இல்ல, அதனால மரத்தடியில பிழைச்சுச்சு. உங்க வண்டியில அந்த இசியூ பெட்டி நனைஞ்சா மரத்தடி உதவாது.

இவ்வளவு சிரிச்சுப் பேசிட்டேன். ஒரு விஷயத்துல சிரிக்க முடியல.

2021 செப்டம்பர்ல, நமக்குப் பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டையில, துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில தேங்குன தண்ணியில ஒரு கார் இறங்குச்சு. உள்ள இருந்த பெண்மணி வெளிய வர முடியாம இறந்துபோனாங்க. பெரிய ஆறு இல்ல, காட்டாறு இல்ல. சுரங்கப்பாதை. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுனப்ப, ரோட்டோரம் நிறுத்தி வச்சிருந்த வேனும் காரும் உருண்டு போனதை எல்லாரும் வீடியோவுல பாத்தோம். ஓட்டிக்கிட்டுப் போன வண்டி இல்லங்க, சும்மா நின்ன வண்டி!

ஓடுற தண்ணி ஒரு அடி இருந்தா பெரும்பாலான கார்களைத் தள்ளும், ரெண்டு அடி இருந்தா பெரிய ஜீப்பு, லாரியையே தள்ளும்னு அமெரிக்க வானிலைத் துறை வருஷா வருஷம் கத்திக்கிட்டிருக்கு. போர் வீல் டிரைவ்ங்கிறது நாலு சக்கரமும் தரையத் தொடுற வரைக்கும்தான். மிதக்க ஆரம்பிச்சா அது வெறும் தகரப் படகு, துடுப்பும் கிடையாது.

அதனால, நடந்து பாக்க முடியாத தண்ணியில வண்டிய இறக்காதீங்க. கம்பு ஊனி ஒரு ஆளு நடந்து போய்த் திரும்பி வரணும். ஓடுற தண்ணி ஒரு அடியைத் தொட்டாலே அன்னிக்குப் பயணம் இல்ல. போயே தீரணும்னா சூடு கொஞ்சம் ஆறவிட்டு, ஃபேன் பெல்ட்டைக் கழட்டிட்டு (இல்லைன்னா விசிறி எஞ்சின் முழுக்கத் தண்ணிய வாரி அடிக்கும், சில சமயம் வளைஞ்சு ரேடியேட்டரையே கிழிக்கும்), சின்ன கியர்ல, நடுவுல கியர் மாத்தாம, நடக்குற வேகத்துல போங்க. ஜன்னல் கண்ணாடிய இறக்கி விட்டுக்குங்க, சீட் பெல்ட்டைக் கழட்டிருங்க.

எங்க வேன் இப்ப ஓடுது. பிவிசி பைப்பு கழட்டியாச்சு. ஆக்சில் பிரீதருக்கு ரப்பர் குழாய் மாட்டி பானட் உசரத்துக்கு ஏத்தி வச்சிருக்கு, சின்னச் செலவுதான், எந்த மெக்கானிக்கும் பண்ணிக் குடுப்பாரு.

கடைசியா, உள்ரோடு போடுறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். தரைப்பாலத்தோட ரெண்டு ஓரத்துலயும் வரிசையா கல்லு நட்டு வெள்ளை அடிச்சு, அதுல அடிக்கணக்கு எழுதி வைங்க. தண்ணி எத்தனை அடி, ரோடு எங்க முடியுதுன்னு கரையில நிக்கிறவனுக்கு அப்பவே தெரிஞ்சுரும். அடுத்த ஐப்பசிக்கு முன்னாடி பண்ணிருங்க.